கடன் வைக்காதவனைத் தேடி வரும் பில்

ஏமாந்தவனைக் கண்டால் 'பேராசை பெருநஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் போவது நம் ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது. டீக்கடையில் சொல்கிறார்கள். வண்டியூர் கண்மாய்க் கரையில் காலையில் நடக்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் சொந்த அண்ணன் தம்பியே சொல்கிறார்கள். நூறு நாளில் பணம் இரட்டிப்பு என்று நம்பிப் போட்டவரைப் பார்த்துச் சொன்னால்கூட ஓரளவு பொருந்தும். போலி பில்லுக்குப் பணம் கட்டியவரைப் பார்த்துச் சொல்வது அநியாயம். அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன்.

யோசித்துப் பாருங்கள். பில் வந்தவுடன் கட்டுகிறவன் யார்? அடுத்தவன் காசைத் தன் பையில் வைத்திருக்கக் கூசுகிறவன். கரண்ட் பில்லைக் கடைசி நாள் வரை விடாதவன். மளிகைக் கடை அண்ணாச்சி கேட்பதற்கு முன்பே மாதக் கணக்கைத் தீர்க்கிறவன். போலி பில் அனுப்புகிறவன் தேடுவது இவனைத்தான். பில்லைப் பார்த்தால் 'பார்க்கலாம், அடுத்த மாதம் வாங்க' என்று சொல்லிப் பழகியவனிடம் இந்தத் திருட்டு பலிக்காது. வாங்கிய பொருளுக்கே காசு தராதவன், வாங்காத பொருளுக்கா தரப் போகிறான்? ஆக, இந்தத் திருட்டின் முதலீடு நம்முடைய ஆசை அல்ல, நம்முடைய நாணயம்.

மின்னஞ்சலில் வரும் இந்தப் பில்களில் நான் பார்த்தவரை மூன்று வகை உண்டு.

ஒன்று, சந்தா பில். உங்கள் கம்ப்யூட்டரின் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா புதுப்பிக்கப்பட்டுவிட்டது, இன்றே உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படும், வேண்டாம் என்றால் 24 மணி நேரத்துக்குள் இந்த எண்ணுக்குப் பேசவும் என்று வரும். நார்ட்டன், மெக்காஃபி என்று கேள்விப்பட்ட பெயர் இருக்கும், சின்னம் இருக்கும், பில் நம்பர் இருக்கும். சொடுக்குவதற்கு லிங்க் எதுவும் இருக்காது. அதனாலேயே 'லிங்க்கைத் தொடாதே' என்று பேரன் சொல்லிக்கொடுத்த பாடம் இங்கே உதவாது. இருப்பது ஒரு போன் நம்பர் மட்டும். அதுதான் தூண்டில். பதறிப் போய்ப் பேசினால், மறுமுனையில் ஒருவர் மிகவும் மரியாதையாக, 'ரத்து செய்து தருகிறேன் சார், எனி டெஸ்க் என்று ஓர் ஆப் இருக்கிறது, அதை இறக்குங்கள்' என்பார். இறக்கி, அதில் காட்டும் எண்ணைச் சொன்ன நிமிடமே உங்கள் திரை அவர் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். இன்னும் சிலர், 'தவறுதலாக உங்களுக்கு அதிகமாகத் திருப்பி அனுப்பிவிட்டேன், என் வேலை போய்விடும், கூடுதல் தொகையை மட்டும் அனுப்பிவிடுங்கள்' என்று அழுவார்கள். அந்த அழுகைக்கு இரங்குவதும் பேராசையில் சேர்த்தியா?

இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பேபால் போன்ற உண்மையான நிறுவனங்கள், யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் பில் அனுப்பும் வசதி வைத்திருக்கின்றன. திருடன் அந்த வசதியையே பயன்படுத்திக்கொள்கிறான். அனுப்பிய முகவரி அசலாகவே இருக்கும். உள்ளே எழுதியிருக்கும் விஷயமும் போன் நம்பரும்தான் போலி.

இரண்டாவது வகை, சரக்கு தருகிறவர் பெயரில் வரும் பில். கடைக்காரர்களும் சிறு தொழில் செய்பவர்களும் பயப்பட வேண்டியது இதற்குத்தான். திருடன் ஏதாவது ஒரு பக்கத்தின் மின்னஞ்சல் பெட்டிக்குள் புகுந்துவிடுவான். புகுந்தவன் உடனே எதையும் எடுக்க மாட்டான். வாரக்கணக்கில் சத்தம் இல்லாமல் படித்துக்கொண்டிருப்பான். யார் யாருக்குச் சரக்கு அனுப்புகிறார், எந்தத் தேதியில் பணம் போகிறது, எப்படி வணக்கம் போட்டு எழுதுகிறார்கள் என்று எல்லாம் தெரிந்துகொள்வான். உண்மையான பில் போகும் நாளில், அதே பில், அதே தொகை, அதே ஆர்டர் நம்பர், வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறாக ஒரு மின்னஞ்சல் வரும். 'கணக்குத் தணிக்கை நடப்பதால் பழைய கணக்கைத் தற்போது பயன்படுத்த இயலவில்லை' என்று ஒரு வரி காரணமும் இருக்கும்.

மூன்றாவது வகை, முதலாளி பெயரில் வரும் கட்டளை. 'மீட்டிங்கில் இருக்கிறேன், போன் செய்யாதே, இணைத்துள்ள பில்லுக்கு உடனே பணம் அனுப்பு.' மின்னஞ்சலில் ஆரம்பித்து இப்போது வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது. முதலாளியின் படமும் மூலையில் சிரித்துக்கொண்டிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் ஒன்றுவிட்ட தம்பி நம் செல்போனுக்கு வரும் மின்வாரியச் செய்தி. 'போன மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்.' தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 'போன மாத பில்' என்ற ஒன்றே நமக்குப் பெரும்பாலும் கிடையாது. எங்கோ வேறு மாநிலத்தில் உட்கார்ந்து எழுதியவனுக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும். ஆனால் ராத்திரி 9.30-க்குக் கரண்ட் போய்விடும் என்று படித்த நிமிடத்தில், தெரிந்ததும் மறந்துவிடுகிறது. பதற்றம் செய்கிற வேலை அது.

சரி, படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் பார்த்துவிடுவோம்.

லிதுவேனியா நாட்டுக்காரர் ஒருவர், எவால்தாஸ் ரிமாசவுஸ்காஸ் என்று பெயர், 2013 முதல் 2015 வரை கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போலி பில்கள் அனுப்பிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். தைவானில் அவர்களுக்கு உண்மையாகவே சாதனங்கள் செய்துகொடுக்கும் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரில்தான் பில். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அனுப்பிய தொகை 12 கோடி டாலருக்கு மேல். 2019-ல் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. உலகத்தின் அஞ்சல் பெட்டியையே நடத்துகிற கூகுள், தன் அஞ்சலில் வந்த பில்லை நம்பியது.

நம் நாட்டில் ஓ.என்.ஜி.சி. கதை 2015-ல் வெளிவந்தது. அவர்கள் சவுதி நிறுவனத்துக்கு நாப்தா அனுப்பினார்கள். பணம் வரவில்லை. விசாரித்தால், ஓ.என்.ஜி.சி. என்பதை ஓ.ஜி.என்.சி. என்று இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போட்ட முகவரியிலிருந்து, இனிப் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பவும் என்று கடிதம் போயிருக்கிறது. 197 கோடி ரூபாய். 2022 செப்டம்பரில் புனே சீரம் இன்ஸ்டிடியூட், கொரோனா தடுப்பூசி செய்தார்களே அவர்கள்தான், தலைவர் பெயரில் வந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் அனுப்பிவிட்டது.

இவர்களில் யார் படிக்காதவர்? யார் பேராசைக்காரர்? ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுத்தவர்கள்.

நான் மதுரையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்தவன். பில் பாஸ் செய்வதுதான் என் வேலை. எங்கள் மேஜைக்கு ஒரு பில் வந்தால் அதனோடு இரண்டு தாள் சேர்ந்து வர வேண்டும். ஒன்று நாங்கள் கொடுத்த ஆர்டர். இன்னொன்று ஸ்டோர்ஸில் சரக்கு இறங்கியதற்கான ரசீது. மூன்றும் பொருந்தினால் பச்சை மையில் டிக். ஒன்று குறைந்தாலும் பில் திரும்பிப் போகும். மேலாளரே சீட்டு எழுதி அனுப்பினாலும் திரும்பிப் போகும். இதற்காக நாங்கள் வாங்கிய பெயர்கள் இங்கே எழுதத் தக்கவை அல்ல.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன இரண்டாவது வகையை அந்த மூன்று தாள் மட்டும் பிடிக்காது. ஆர்டர் உண்மை, சரக்கும் உண்மை, பில்லும் உண்மை. போகும் இடம்தான் போலி. அந்தக் காலத்தில் அதைப் பிடித்தது வேறு ஒன்று. செக்கின் இடது மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதுவோமே, அதுதான். செக்கில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வங்கி வரவு வைக்க வேண்டும். வேறு பெயரில் கணக்கு வைத்திருப்பவன் அந்தச் செக்கை வைத்துக்கொண்டு விசிறத்தான் முடியும். பெயரைப் பார்க்கும் பொறுப்பு வங்கியினுடையது.

செக் போய் நெஃப்ட்டும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸும் வந்தபோது அந்தப் பொறுப்பு எங்கே போனது தெரியுமா? 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. மின்னணு முறையில் வரும் பணத்தை, பெறுகிற வங்கி கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம். எண்ணைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. பணம் அனுப்பும் திரையில் பொடி எழுத்தில் 'கணக்கு எண்ணின் அடிப்படையில் மட்டுமே வரவு வைக்கப்படும்' என்று ஒன்று வருமே, அதன் மூலம் இதுதான். பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நாம் அதில் பொறுப்பாக எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவோம். அதை வைத்து யாரும் எதையும் ஒத்துப் பார்க்கவில்லை.

இந்தக் கூத்தைப் பாருங்கள். சிம்மக்கல் டீக்கடையில் யு.பி.ஐ.யில் பதினைந்து ரூபாய் அனுப்பினால், அனுப்பும் முன்பே கடைக்காரர் பெயரைக் காட்டுகிறது. அதே வங்கியிலிருந்து நெஃப்ட்டில் பதினைந்து லட்சம் அனுப்பினால் பெயரைக் காட்டவில்லை. பத்து வருடத்துக்கும் மேல் இப்படியே ஓடியது. கடைசியில் 2024 டிசம்பர் 30-ல் ரிசர்வ் வங்கி, பணம் பெறுகிறவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை எல்லா வங்கிகளும் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் இப்படி ஒன்று வந்திருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்கு வங்கி சொன்னது? கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்க வாரம் இரண்டு முறை போன் செய்கிறவர்கள், இதைச் சொல்ல ஒரு முறை செய்யக் கூடாதா?

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. 2023-ல் கப்பலூர் பக்கம் ஒரு சிறு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். கணக்கு எழுதிய பெண் பி.காம். படித்தவள், திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள், சம்பளம் 14,000 ரூபாய். கோயம்புத்தூரிலிருந்து உதிரிபாகம் அனுப்புகிறவர் பெயரில் கணக்கு மாற்றக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. தணிக்கைக் காரணம்தான் சொல்லியிருந்தது. முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சின்ன எழுத்தை ஒட்டிப் போட்டிருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். அப்படியும் அந்தப் பெண் முதலாளியைப் போனில் கூப்பிட்டு, 'சார், கணக்கு மாறியிருக்குன்னு எழுதியிருக்காங்க, அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கிறாள். 'அனுப்பி விடும்மா, சரக்கு நிக்கக் கூடாது' என்றிருக்கிறார். 4,18,000 ரூபாய் போனது.

பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், பணம் இன்னும் வரவில்லையே என்று கோயம்புத்தூர்க்காரர் அந்தப் பெண்ணிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமைதான் வாயைத் திறந்தாள். முதலாளி எனக்குத் தெரிந்தவரின் உறவினர். அந்த வழியில் என்னைக் கணக்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவளுடைய சம்பளத்தில் மாதம் 3,000 ரூபாய் பிடிப்பது என்று முடிவாகியிருந்தது.

'அவ படிச்சவதானே சார், மெயிலைப் பார்த்து அனுப்ப வேண்டாமா?' என்றார் முதலாளி.

'உங்ககிட்ட கேட்டாளே' என்றேன்.

'நான் வண்டி ஓட்டிட்டு இருந்தேன் சார். அவசரத்துல சொன்னது.'

அவருக்கு அவசரம் என்றால் மன்னிப்பு, அவளுக்கு அவசரம் என்றால் பிடித்தம். சம்பளத்தில் நஷ்டத்தைப் பிடிப்பதற்கும் சட்டத்தில் முறை உண்டு, அவளுடைய தவறால்தான் நஷ்டம் என்று காட்ட வேண்டும், முறையாக விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் பிடிக்க முடியாது என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். செய்யவில்லை. ஐந்து மாதம் பிடித்தார். ஆறாவது மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். என்னை அதன் பிறகு அந்தப் பக்கம் கூப்பிடவில்லை.

இந்தக் கதையில் திருடனுக்கு உதவியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். சரக்கு நிற்கக் கூடாது என்ற அவசரம். மறுபடி கேட்டால் முதலாளி திட்டுவார் என்ற பயம். பெயரை ஒத்துப் பார்க்காத வங்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, 'உன்னைத்தான் குற்றம் சொல்வார்கள்' என்று தெரிந்ததால் அவள் வாய் திறக்காமல் இருந்த இரண்டு நாள். பத்து நாள் கழித்து எவ்வளவு மீட்டிருக்க முடியும் என்று கேட்கலாம். குறைவுதான். ஆனால் அந்தப் பயம் அன்றைக்கு மட்டும் வந்ததல்ல. அனுப்பிய அன்றே சந்தேகம் வந்திருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஏமாந்தவனைத் திட்டும் ஊரில் ஏமாந்தவன் ஒளிந்துகொள்வான். அவன் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

வங்கிக்கு இன்னொரு கேள்வி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. நம் அனுமதி இல்லாமல், வங்கியின் தவறோ நம் தவறோ அல்லாமல் வேறு வழியில் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பு கிடையாது. நல்லது. ஆனால் போலி பில்லுக்கு நாமே கையால் எண்ணை அடித்து, ஓ.டி.பி. போட்டு அனுப்புகிறோம். அது 'அனுமதி இல்லாத' பரிவர்த்தனை ஆகாது என்று வங்கி கையை விரித்துவிடும். இங்கிலாந்தில் இதே மாதிரி ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பியவருக்கும் 2024 அக்டோபர் 7 முதல் வங்கிகள் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, திருடனுக்குக் கணக்கு வைத்துக்கொடுத்த வங்கி பாதி. இந்த இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்தது. திருடன் பணத்தைக் காற்றில் வாங்குவதில்லை. ஏதோ ஒரு வங்கியில், யாரோ ஒருவர் ஆதாரையும் பான் கார்டையும் பார்த்துத் திறந்துகொடுத்த கணக்கில்தான் வாங்குகிறான். எனக்குச் சேமிப்புக் கணக்கில் விலாசம் மாற்ற மூன்று முறை நடக்க வைக்கிறார்கள். அவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாகக் கணக்கு கிடைக்கிறது?

'எல்லாவற்றையும் போன் செய்து சரிபார்த்துக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?' என்று கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு பில்லுக்கும் போன் வேண்டாம் அண்ணாச்சி. கணக்கு எண் மாறும்போது மட்டும் செய்தால் போதும். ஒரு வியாபாரி வருடத்துக்கு எத்தனை முறை வங்கிக் கணக்கை மாற்றுவார்? அந்த ஒரு போனுக்கு ஆகும் நேரத்தில் ஒரு டீ கூட முழுதாகக் குடிக்க முடியாது.

சரிபார்ப்பது அவமரியாதை என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் திருவெண்ணெய்நல்லூர் சபையை நினைவுபடுத்துகிறேன். சுந்தரர் கல்யாணத்தில் ஒரு முதியவர் வந்து, 'இவன் எனக்கு அடிமை, இதோ ஓலை' என்று வழக்காடிய கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரர் ஓலையைக் கிழித்தார். அது படி ஓலை, மூல ஓலை இதோ என்று முதியவர் நீட்டினார். சபை அத்தோடு நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் கொண்டுவந்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னது. வந்தவர் சாட்சாத் சிவபெருமான். அவருடைய ஓலையையே சரிபார்த்தார்கள், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கவனியுங்கள், அவர்கள் ஒப்பிட்டது வழக்காட வந்தவர் நீட்டிய ஓலையோடு அல்ல, வேறு இடத்தில் இருந்த ஓலையோடு. பொற்கொல்லன் சொல்லை விசாரிக்காமல் நம்பிய பாண்டியன் கதையும் நம்மிடம் இருக்கிறது. அதன் பலனை அனுபவித்தது நம் மதுரை.

அந்தச் சபை செய்ததுதான் இன்றைக்கும் வழி. பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து பில் உண்மையா என்று கேட்பது, திருடனிடமே 'நீ திருடனா' என்று கேட்பது போல. உங்கள் பழைய பில்லில், உங்கள் செல்போனில், விசிட்டிங் கார்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியும் கேட்காதீர்கள். பதில் போவது அவனுக்குத்தான்.

இன்னும் சில விஷயங்கள், என் கணக்குப் பிரிவுப் புத்தியில் தோன்றியவை.

செல்போனில் மின்னஞ்சல் பார்த்தால் அனுப்பியவர் பெயர் மட்டும் தெரியும். பெயரை யாரும் என்னவாகவும் வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் விரலை வைத்தால் முழு முகவரி விரியும். அதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். வங்கி என்று சொல்லி வந்தால், நம் நாட்டு வங்கிகளின் இணையதளங்கள் இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் பாருங்கள். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று காட்டும், காசு கிடையாது. 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் இன்னொரு வியாபாரிக்குத் தரும் பில் 2023 ஆகஸ்ட் முதல் மின்-விலைப்பட்டியலாக இருக்க வேண்டும். அதில் கியூ.ஆர். கட்டம் இருக்கும். ஆனால் ஒன்று, அசல் பில்லைத் திருடியவன் அசல் ஜி.எஸ்.டி. எண்ணையும் சேர்த்துத்தான் திருடியிருப்பான். எண் பொய் என்றால் பில் பொய். எண் உண்மை என்பதால் பில் உண்மை ஆகிவிடாது.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் பாருங்கள். 11 இடம். முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளை. கோயம்புத்தூர்க்காரருக்கு எங்கோ முன்பின் தெரியாத ஊர்க் கிளையில் கணக்கு எதற்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள். நெஃப்ட்டில் அனுப்பும் முன் பெயர் பார்க்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். உங்கள் ஆப்பில் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் கிளைக்குப் போய்க் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

வாங்காத பொருளுக்கு வந்த சந்தா பில் என்றால், பேசவும் வேண்டாம், பதிலும் வேண்டாம். நீங்கள் பேசாவிட்டால் பணம் தானாகப் போகாது. சந்தேகம் தீரவில்லை என்றால் உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள். முன்பின் தெரியாதவர் சொல்லி எந்த ஆப்பையும் இறக்காதீர்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930. இரவு பகல் பார்க்காதீர்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் சொல்லுங்கள். வந்த மின்னஞ்சலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. 2024-ல் சென்னையில் ஒரு வேளாண் பொருள் வர்த்தக நிறுவனம், சரக்கு தருகிறவர் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி அமெரிக்க வங்கிக் கணக்கு ஒன்றுக்கு சுமார் 2 கோடி ரூபாய் அனுப்பியது. உடனே புகார் கொடுத்ததால் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீசார் அந்த வங்கியைத் தொடர்புகொண்டு பணத்தை மீட்டுக்கொடுத்தார்கள். கடல் தாண்டிப் போன பணம் திரும்பி வந்தது. அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணக்குப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: 'என் பெயரில் என்ன செய்தி வந்தாலும், எவ்வளவு அவசரம் என்று இருந்தாலும், கணக்கு எண் புதிது என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேள். நான் எரிந்து விழுந்தாலும் கேள். கேட்டதற்காக உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன்.' சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். அது ஒரு பூட்டு. காசு கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளும் அந்தப் பூட்டுக்கு ஈடாகாது.

மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்படிப் பணத்தை இழந்துவிட்டு வந்து நின்றால், பழமொழி சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே 1930-ஐ அழுத்துங்கள்.